கத்துகிற மாவும் கத்தாத மாவும்

பார்த்த மாத்திரத்தில் ஒரு பொருளை இன்னதென்று சொல்லிவிடும் கண், ஒரு தலைமுறையில் ஒரே ஒருவருக்குத்தான் வாய்க்கிறது. எங்கள் தலைமுறையில் அது எனக்கு வாய்த்தது. இதை யாரும் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெட்டையாகப் பிறந்தவன் தன்னை நெட்டை என்று சொன்னால் அது வெறும் தகவல். மற்றவர்கள் முகர்ந்தும், நக்கியும், கிள்ளியும், நாலு பேரைக் கேட்டும் தெரிந்துகொள்வதை நான் வாசற்படியில் நின்றபடியே தெரிந்துகொள்வேன். ஒரே ஒரு முறை என் தேநீரில் உப்பு விழுந்திருக்கிறது. அன்று வெளிச்சம் போதவில்லை.

இந்தக் கண்ணை நம்பித்தான், கல்லூரி விடுமுறைக்கு வந்த என்னிடம் அக்கா தன் சமையலறை அலமாரியை ஒப்படைத்தாள். வீட்டில் எனக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். நாலாவது படிக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்ததால் வந்த பட்டம். கடிகாரம் அதற்குப் பிறகு ஓடவில்லை, பட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா மூன்று வருடமாக வீட்டிலேயே சமைத்து, சுற்றுவட்டாரத்தில் உள்ள பல் மருத்துவமனைக்கும் ரெண்டு கடைகளுக்கும் மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டே அடுப்பு. கரண்டிகள் ஜன்னல் கம்பியில் தொங்கும், பெரிய பாத்திரம் கட்டிலுக்கு அடியில் தூங்கும். புகை போக வழியில்லாமல் படுக்கையறைக்குள் போகும். அக்காவின் கணவர், அதாவது மாமா, லிஃப்ட் மெக்கானிக். அவருடைய சீருடையில் எப்போதும் வெங்காயம் வதங்கிய வாசனை. அவரோடு லிஃப்டில் ஏறுகிறவர்கள் நாலாவது மாடி வருவதற்குள் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டுவிடுகிறார்களாம்.

இப்படி இருக்கையில்தான் பூட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. நாற்பது பேர் சாப்பிடும் இடம். இருந்த சமையல்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் சமைத்துக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் சமையலறை அக்காவுக்கு. போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நாலு அடுப்பு, கை நீட்டினால் எட்டுகிற குழாய், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். கல்யாணத்துக்கு முன்னால் மாமாவைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் முகம் அப்படி ஆனதில்லை. "போட்டா ஒரே இழுப்புடா, பொகையெல்லாம் போயிருது" என்று மூன்று தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை நல்லபடியாகப் போனது. அன்று மாலை நான் அலமாரியைச் சீர்திருத்தினேன். ஓரம் கிழிந்து, ரப்பர் பேண்டு மாட்டி, தலை சாய்ந்து நிற்கும் பொட்டலங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே மாதிரியான பெரிய கண்ணாடி ஜாடிகள் வாங்கி, எல்லாவற்றையும் அதில் கொட்டி, பொட்டலங்களைக் குப்பையில் போட்டேன். குப்பை வண்டியும் வந்து அள்ளிக்கொண்டு போனது. அக்கா ஜாடிகளில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள். பெயர் எழுதுவது கண் இல்லாதவர்களுக்கு என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய் காலை அக்கா அலமாரி முன்னால் நின்று, "இதுல எதுடா மக்காச்சோள மாவு, எது ஸ்டார்ச்சு?" என்று கேட்டாள்.

அன்றைய சாப்பாட்டில் காய்கறி சூப்பும் மக்காச்சோள ரொட்டியும் இருந்தன. சூப்புக்கு ஸ்டார்ச் வேண்டும், ரொட்டிக்கு மாவு வேண்டும். எனக்கு இதில் தெளிவான கோட்பாடு உண்டு. சோளம் மஞ்சள். அதை அப்படியே அரைத்தால் மஞ்சள் மாவு. அதே சோளத்தில் தோல், முளை, புரதம் எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கழுவிக் காயவைத்தால் வெள்ளைத் தூள், அதுதான் ஸ்டார்ச். எனவே மஞ்சள் என்றால் மாவு, வெள்ளை என்றால் ஸ்டார்ச். இதை விளக்கிக்கொண்டே ஜாடிகளைப் பார்த்தேன். இரண்டும் வெள்ளை.

அக்கா அப்போதுதான் சொன்னாள், மில்லில் இந்த முறை வெள்ளைச் சோளம்தான் கிடைத்ததாம், நைசாகச் சலித்துக் கொடுத்தார்களாம். இது கோட்பாட்டுக்குள் வராத சோளம்.

தொலைபேசியில் தேடினேன். ஒரு பக்கம் இரண்டும் ஒன்றுதான் என்றது. இன்னொரு பக்கம் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் சமையல் கெட்டது என்றது. மூன்றாவது பக்கத்தில் ஸ்டார்ச்சுக்கே மாவு என்று பெயர் போட்டிருந்தது, அதற்குக் கீழே ஒருவர் இதற்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நாலாவது பக்கம் எனக்குத் தலைமுடி கொட்டுகிறதா என்று கேட்டது. இவ்வளவு படித்தபின் எனக்குக் கொஞ்ச நேரம் சோளம் என்றால் என்ன என்பதே பிடிபடவில்லை.

"மாத்திப் போட்டா என்னக்கா ஆகும், ரெண்டும் சோளம்தானே?" என்றேன், நேரம் கடத்துவதற்காக.

"ஸ்டார்ச்ச பச்சத் தண்ணியில கரைச்சு, கொதிக்கிற சூப்புல கடைசியா விட்டா, ரெண்டு நிமிஷத்துல கெட்டியாகி கண்ணாடி மாதிரி நிக்கும். மாவ விட்டா கலங்கிரும். ரெண்டு மடங்கு விட்டாத்தான் கெட்டியே ஆகும், பச்ச வாசன போக அதுக்குமேல வேகணும். ஸ்டார்ச்சுல ரொட்டி சுட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, அப்படி ஒருத்தி சுட்டதா நான் கேள்விப்படல."

மாமா இடுப்பில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டே வந்தார். லிஃப்ட் மெக்கானிக்குக் கண் ரெண்டாம்பட்சம், காதுதான் எல்லாம். கம்பி எங்கே தேய்கிறது, சக்கரம் எங்கே பிடிக்கிறது என்று கதவில் காதை வைத்துச் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜை, மேஜை விசிறியை, கேஸ் அடுப்பை எல்லாம் காதால்தான் பார்ப்பார். அக்கா பாத்திரத்துக்கு மூடி போடுகிற சத்தத்தை வைத்து அன்று பேசலாமா கூடாதா என்று முடிவு செய்வார். இன்று ஒரு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நசுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த ஜாடியிலும் அப்படியே செய்தார்.

"ஒண்ணு கத்துது. ஒண்ணு கத்தல" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாவுக்கு நாடி பாக்குறீங்களா மாமா? அது எந்த மாடியில நிக்குதுன்னும் கேட்டுச் சொல்லுங்க."

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, யாரு பேசுறது?" என்று கேட்டுக் காட்டினேன். அக்காவே சிரித்துவிட்டாள். அவர் விரலைத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருக்குத் தொலைபேசி எடுக்காது. நான் அந்தக் காட்சியை வகுப்பு நண்பர்கள் குழுவில் எழுதிப் போட்டேன். பதினேழு பேர் சிரித்தார்கள்.

"சொல்லுடா, எது எது?" என்றாள் அக்கா. மணி ஒன்பதே கால்.

இரண்டு ஜாடிகளையும் உற்றுப் பார்த்தேன். இடதுபுற ஜாடி ஏதோ கொஞ்சம் அடக்கமாகத் தெரிந்தது. "இடது மாவு. வலது ஸ்டார்ச்" என்றேன். நிச்சயமா என்று கேட்டாள். நிச்சயம் என்றேன். அவள் வலது ஜாடியின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினாள். என் வாக்கு அப்படிச் சட்டமானது.

அலுவலகச் சமையலறையில் வேலை பிரிந்தது. அக்கா சூப்பைப் பார்த்துக்கொண்டாள், நான் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. அலுவலக நிர்வாகியாக இருந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. நார்ச்சத்து சேர்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். அதனால் அன்றன்றைய சாப்பாட்டில் என்ன சத்து என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார். நான் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்: மக்காச்சோள மாவு, நூறு கிராமில் நார்ச்சத்து சுமார் ஏழு கிராம், புரதமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஸ்டார்ச், நூறு கிராமில் நார்ச்சத்து ஒரு கிராம்கூட இல்லை, புரதம் பெயருக்கு. கலோரி மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டார்ச்சில் இப்படி ஒன்றுமே இல்லையே, சூப்பில் ஏன் போடுகிறோம் என்று அக்காவைக் கேட்டேன். "நாப்பது பேரு சூப்புக்கு ரெண்டு கை. ரொட்டிக்கு நாலு கிலோ. நீ எதுல சத்தத் தேடுவ?" என்றாள். ஆராய்ச்சி என்ற பெயர் எனக்குத் தவறி வந்திருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. அதை உடனே மறந்துவிட்டேன்.

பிறகு இடது ஜாடியிலிருந்து முதல் ஈடுக்கு ஒரு பங்கைத் தட்டில் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைய ஆரம்பித்தேன்.

அந்த மாவைப் பற்றி நான் சொல்வதை நம்ப வேண்டும். குத்தினால் கல். கையை எடுத்தால் தண்ணீர். உருட்டுகிற வரை உருண்டையாக இருந்தது. உருட்டி முடித்துப் பெருமையோடு உள்ளங்கையை விரித்தேன், விரலிடுக்கு வழியாக ஒழுகிப் போனது. தண்ணீர் அதிகமாகிவிட்டதென்று நினைத்து வேகமாகப் பிசைந்தேன், கை மாட்டிக்கொண்டது. கோபத்தில் விட்டேன், கை வந்துவிட்டது. ஐந்து நிமிடம் நானும் அதுவும் இப்படிப் பேச்சுவார்த்தை நடத்தினோம்.

"அக்கா, இந்த மாவு ஒரு முடிவுக்கு வர மாட்டேங்குது" என்றேன்.

அவள் வரவில்லை. சூப்புப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேரட்டும் பீன்ஸும் தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருந்த பாத்திரம், தரை துடைத்த வாளி போல ஆகியிருந்தது. கரண்டியை எடுத்து நக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பி என் தட்டைப் பார்த்தாள். ஒரு விரலால் குத்தினாள். கல். விரலை மெதுவாக அமிழ்த்தினாள். தண்ணீர்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்தால் நாற்பது பேரும் வந்துவிடுவார்கள். இனி ரொட்டிக்கு நேரமில்லை. சூப்பைப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிட்டாள். வேகவைத்த உருளைக்கிழங்கை அந்த முடிவுக்கு வராத மாவில் புரட்டி எண்ணெயில் போட்டாள். மொறுமொறுவென்று வந்தது. ஆட்கள் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

நிர்வாகி அம்மா தன் கிண்ணத்தோடு வந்தார். அந்த அலுவலகத்துக் கிண்ணங்கள் வெள்ளைப் பீங்கான், உள்ளே அடியில் கம்பெனி முத்திரையாக நீலத்தில் ஒரு சாவிப் படம். "சூப்புன்னா அடியில சாவி தெரியணும்மா. இதுல சாவியக் காணோம்" என்றார். பிறகு சுவரில் இருந்த தாளைப் படித்தார். கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை படித்தார்.

"இல்லாத ரொட்டியில ஏழு கிராம் நார்ச்சத்தா?"

பொரித்தது தனக்கு ஆகாது என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை இதே சூப்பும் ரொட்டியும் திரும்பச் செய்யட்டும், அதைச் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். குரலில் கோபமில்லை. அக்கா தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிட்டு, அது சுற்றி நிற்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேருந்தில் நான் ஜன்னலோரம், அவள் பக்கத்தில், பாத்திரம் மடியில். மாவு பழசாக இருக்கலாம் என்றேன். மில்காரர் ஏமாற்றியிருக்கலாம் என்றேன். மூன்றாவது காரணம் சொல்வதற்குள் அவள் பேசினாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுடா. அதுக்கெல்லாம் காலேஜு போகணுமா?"

அன்று மாலை மாமா வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சோபாவில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டே, "கத்துறது ஸ்டார்ச்சு, மாப்ள. அது ரொம்பப் பொடி, ஒண்ணோட ஒண்ணு உரசும்போது கறுக்குனு கத்தும். மாவு சும்மா வழுக்கிட்டுப் போயிரும். காலைலயே சொல்ல வந்தேன், நீ போன்ல பேசிட்டிருந்த" என்றார். உப்பை வைத்து நான் பேசிய போன். இதற்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். கயிறு அறுந்து விழாமல் இருபது வருடமாக லிஃப்ட் ஓடுகிறது, அது போதாதா என்றார். போதாது என்றேன். காதால் சமைக்கிற வீட்டில் மூக்கால்தான் பாட்டுக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அதைக் குழுவில் போட்டபோது ஒன்பது பேர்தான் சிரித்தார்கள்.

புதனும் வியாழனும் ஒழுங்காகக் கடந்தன. வியாழன் மாலை அக்கா புதிதாக மாவும் ஸ்டார்ச்சும் வாங்கி வந்து, தன் கையாலேயே இரண்டு ஜாடிகளிலும் நிரம்பக் கொட்டி, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள். இந்த முறை மறுக்கவில்லை. எழுதினேன். ஒட்ட வீட்டில் பசை இல்லை. கடைக்குப் போகச் சோம்பலாக இருந்தது. ஸ்டார்ச்சைத் தண்ணீரில் காய்ச்சினால் நல்ல பசை என்பது எனக்குத் தெரியும். ஒரு கரண்டி காய்ச்சித் தடவி ஒட்டினேன். கல் மாதிரிப் பிடித்தது. அக்கா இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு தூங்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகச் சமையலறையில், கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் மேடையில் இரண்டு ஜாடிகளையும் வைத்தேன். ஒரு மணி நேரம் ஆவி அடித்தது. காய் நறுக்கிவிட்டுத் திரும்பினால் ஜாடிகள் மொட்டையாக நின்றன. இரண்டு தாள்களும் ஈரத் தரையில், எழுத்துக் கரைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஸ்டார்ச்சுப் பசை ஆவியில் இளகும் என்பது அந்த நொடி வரை எனக்குத் தெரியாது.

இரண்டு ஜாடியும் வெள்ளை. இரண்டும் அடக்கமாகத்தான் தெரிந்தன.

அக்கா தொட்டியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். முதுகைத் திருப்பாமலே, "ஸ்டார்ச்ச எடுடா, கரைச்சு வைக்கலாம்" என்றாள். நான் தாள்களைக் காலால் மேடைக்கு அடியில் தள்ளினேன். பேருந்தில் அவள் சொன்ன வாக்கியம் முழுசாக நாக்கின் நுனியில் இருந்தது. 'தெரியல' என்ற ஒரே வார்த்தை. அது வரவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா. இங்க பொகையா இருக்கு. சரக்கறையில வெளிச்சம் நல்லா இருக்கும், சரி பாத்துட்டு எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

இரண்டு ஜாடிகளோடும் போனேன். ஒரு ஜாடியோடு வந்தேன். "இது" என்றேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஜாடியில் பெயர் இல்லாததைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "அடிச்சு விடுறியா?"

"இல்லக்கா."

"டேய், எனக்கு இன்னைக்கு விட்டா வேற நாள் இல்ல."

"இல்லக்கா. இதுதான்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற சூப்பில் சுற்றி விட்டாள். நான் கேரட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் ஒரு கணம் பால் போல வெளுத்தது. பிறகு மெல்ல, ஓரத்திலிருந்து நடுவுக்கு, தெளிந்துகொண்டே வந்தது. கேரட் மினுங்கியது. மற்ற ஜாடியின் மாவில் ரொட்டிகள் தட்டினாள். அந்த மாவு கடைசி வரை மாவாகவே இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு நிர்வாகி அம்மா கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தார். அடியில் நீலச் சாவி. நாலு ரொட்டி சாப்பிட்டார். சுவரில் இருந்த தாளைப் படித்துவிட்டு ஐந்தாவதையும் எடுத்துக்கொண்டார். கைகழுவிவிட்டு வந்து, திங்கட்கிழமை சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். எந்தச் சாவி என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. சமையலறைச் சாவி. அக்கா போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். புகை எதுவும் இல்லை, சும்மா போட்டாள்.

செவ்வாய்க்கிழமை என்னதான் ஆனது என்று அந்த அம்மா கேட்டார். ஜாடி மாறிவிட்டது என்றாள் அக்கா. இன்று எப்படி மாறவில்லை என்று கேட்டதற்கு, என் தோளில் ஈரக்கையை வைத்து, "என் தம்பி மேடம். கண்ணாலயே பாத்துச் சொல்லிட்டான்" என்றாள். நான் அடக்கத்தோடு தரையைப் பார்த்தேன். மேடைக்கு அடியில் அந்தத் தாள்களின் ஓரம் தெரிந்தது.

மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் என்னையே பார்த்தார். சரக்கறையில் வெளிச்சம் எப்படி என்று மட்டும் கேட்டார். அவர் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பல தடவை பழுது பார்த்திருக்கிறார். நல்ல வெளிச்சம் என்றேன்.

அந்தச் சரக்கறையில் பல்பே கிடையாது. ஜன்னலும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டதும் என் கைகூட எனக்குத் தெரியவில்லை. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, தடவித் தடவி முதல் ஜாடியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தினேன். ஒன்றுமில்லை, வழுக்கிப் போனது. வெளியே குழாய்ச் சத்தம் ஓயும் வரை காத்திருந்து, இரண்டாவதை எடுத்தேன். எப்படியோ கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கறுக்.

சந்தேகத்துக்கு, மற்ற காதிலும் ஒரு தடவை வைத்துக் கேட்டேன்.